வேட்டைப் பருவத்தில் மான் உணவை மாற்றுவது ஏன்?

வட அமெரிக்காவில் வேட்டைப் பருவம் தொடங்கும் இலையுதிர் காலத்தில், அதுவரை இளந்தழைகளை மேய்ந்த வெண்வால் மான், குளிரைத் தாங்கும் கொழுப்பை உடலில் சேர்க்க வேண்டியிருப்பதால், மாவுச்சத்து மிகுந்த ஓக் மரக் கொட்டைகளை நாடுகிறது. அவை தீர்ந்தபின், வேட்டைக்காரர்கள் மானுக்கென்றே விதைத்த ஓட்ஸ், குளோவர், டர்னிப் நிலங்களுக்கு வருகிறது. ஆனால் இந்த உணவு மாற்றம் மெல்லவே நடக்க வேண்டும். அசைபோடும் விலங்கான மானின் முதல் இரைப்பையில், அதாவது உணவு நொதிக்கும் அறையில், வாழும் நுண்ணுயிரிகள் புதிய உணவுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகுமாதலால், உணவு குறைந்த குளிர்காலத்தில் மனிதர்கள் திடீரெனக் கொட்டும் மக்காச்சோளம் அங்கே லாக்டிக் அமிலத்தைப் பெருக்கி, வயிறு நிறைந்த மானையே கொன்றுவிடக்கூடும். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பதால் நோயும் எளிதில் பரவுகிறது. எனவே தானியத்தைக் குவித்து வைப்பது மானுக்குச் செய்யும் உதவியே அன்று.