தேடக் கூடாத பதிவேடுகள்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மார்டின்ஸ்பர்க் என்று ஒரு சிறிய ஊர். அமெரிக்காவின் எந்த மூலையில் கொலை நடந்து அந்த இடத்தில் துப்பாக்கி ஒன்று கிடைத்தாலும், அதை முதலில் வாங்கியவர் யார் என்று கேட்டு போலீஸார் இந்த ஊருக்குத்தான் எழுதுகிறார்கள். துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.பின் தடமறியும் மையம் இங்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது ஒன்றுதான்.

துப்பாக்கியில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணைக் கணினியில் தட்டினால் ஆளின் பெயர் வந்துவிடும் என்று சினிமா பார்த்துப் பழகிய நாம் நினைப்போம். இங்கே அப்படி எதுவும் வராது. மையத்தின் ஊழியர் முதலில் தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்கிறார். அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்று அவர்கள் சொல்கிறார்கள். மொத்த வியாபாரி, கடையைச் சொல்கிறார். கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்டி, வாங்கியவர் நிரப்பிக் கொடுத்த 4473 எண் படிவத்தைத் தேடி எடுத்து விவரம் சொல்கிறார்.

கடையை மூடிவிட்டால்? மூடும் கடைகள் தங்கள் பதிவேடுகளை மார்டின்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். அட்டைப் பெட்டிகளில் லட்சக்கணக்கில் தாள்கள் வந்து குவிகின்றன. கிறுக்கலான கையெழுத்தில் எழுதியவை, மழையில் ஊறியவை, பூஞ்சை பிடித்தவை என்று எல்லாமே வரும். உள்ளே இடம் போதாமல் வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் கன்டெய்னர்களை வைத்து அதில் பெட்டிகளை அடுக்கிய காலமும் உண்டு. முன்பு மைக்ரோஃபிலிமில் பதிந்தார்கள், இப்போது ஸ்கேன் செய்கிறார்கள். ஸ்கேன் செய்தவையும் வெறும் படங்கள்தான். ஒரு பெயரைக் கொடுத்துத் தேட அதில் வழி கிடையாது. ஊழியர் திரை முன் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை இந்த முறைகளில்தான் சமாளிக்கிறார்கள்.

பணமோ தொழில்நுட்பமோ இல்லாமல் இப்படி இருக்கவில்லை. சட்டம் போட்டு இப்படி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைத் திரட்டி மத்திய அரசு பதிவேடு உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை எஃப்.பி.ஐ. சரிபார்க்கிறது. விற்கலாம் என்று அனுமதி கொடுத்த பிறகு, அந்த ஆள் பற்றிய பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகள் எந்தெந்தக் கடைகளிலிருந்து வந்தன என்ற விவரத்தை வெளியிடுவதற்கும் 2003இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது.

அமெரிக்காவின் துப்பாக்கி விவாதம் என்றாலே உரிமையா, கட்டுப்பாடா என்ற சண்டைதான் நம் காதில் விழுகிறது. அதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று அங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். எந்தத் துப்பாக்கி யார் கைக்குப் போகிறது, அதனால் யார் சாகிறார்கள், எதைச் செய்தால் சாவு குறையும் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாதபடி ஒரு நாடு தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. சிறு ஆயுதங்களைக் கணக்கிடும் ஜெனீவா ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருக்கின்றன. மக்கள்தொகையைவிட இது அதிகம். இதுவும் மதிப்பீடுதான். துல்லியமான கணக்கு யாரிடமும் இல்லை.

பதிவேடு வேண்டாம் என்பவர்களின் அச்சம் என்ன? பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால், நாளைக்கு வருகிற அரசு வீடு வீடாக வந்து துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதுதான். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், யாரிடம் ஆயுதம் இருக்கலாம் என்று அதிகாரிகள் முடிவு செய்த இடங்களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்ட பாடு வரலாற்றில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உள்ளூர் அதிகாரிகளின் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. மான்ட்கோமரி நகரில் 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு, பாதுகாப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் அனுமதி கேட்டார். அகிம்சைப் போராட்டத்தின் தலைவராக உலகம் அறிந்த அதே கிங்தான். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1967இல் கறுப்பினத்தவரின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் துப்பாக்கிகளுடன் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அந்த ஆண்டே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாகக் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்தது. அதில் கையெழுத்துப் போட்ட ஆளுநர், பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் நாயகனாக வெள்ளை மாளிகைக்குப் போன ரொனால்ட் ரீகன்.

இன்றைக்கும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. தகுந்த காரணம் காட்டினால்தான் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் என்ற நியூயார்க்கின் நூற்றாண்டு பழைய சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க் வழக்கறிஞர்கள் அதில் தங்கள் தரப்பையும் தாக்கல் செய்தார்கள். கட்டுப்பாட்டை ஆதரித்திருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். லைசென்ஸ் இல்லாததற்காக வழக்கில் சிக்கும் எங்கள் கட்சிக்காரர்கள் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியர்களும்தான் என்பது அவர்கள் வாதம்.

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, சரி. ஆனால் அந்த அச்சத்துக்குத் தேடவே கூடாத பதிவேடுதான் மருந்தா? பெயரைக் கொடுத்துத் தேடுவது வேறு, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் சீரியல் எண்ணைக் கொடுத்துத் தேடுவது வேறு. இரண்டாவதை மட்டும் அனுமதித்தால் அதிலிருந்து வீடு வீடாகப் போவதற்கான பட்டியல் கிடைக்காது. கையால் தேடி இன்றைக்குக் கிடைக்கும் அதே விவரம் கொஞ்சம் சீக்கிரமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மூடிய கடைகளின் பதிவேடுகளைக் கணினியில் தேட அனுமதிக்கும் மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வந்தன. எதுவும் நிறைவேறவில்லை.

விவரம் உரிய இடத்துக்குப் போய்ச் சேராததால் போன உயிர்களும் உண்டு. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து அங்கே பாடம் நடத்திய பேராசிரியர். கொன்றவனால் அவனுக்கே ஆபத்து இருக்கிறது, அவன் மனநல சிகிச்சை பெற வேண்டும் என்று 2005 இறுதியிலேயே உத்தரவு ஆகியிருந்தது. அந்தத் தகவல் மத்திய அரசின் பட்டியலுக்குப் போகவில்லை. பின்னணிச் சோதனையில் தேறி, இரண்டு கைத்துப்பாக்கிகளை வாங்கினான். 2015இல் சார்ல்ஸ்டன் நகரின் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கதையும் இதைப் போன்றதுதான். அவன் மீதிருந்த போதைப்பொருள் வழக்கின் விவரத்தை எஃப்.பி.ஐ. ஊழியரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது விதி. பதில் வரவில்லை, கடைக்காரர் விற்றுவிட்டார்.

உரிமை பற்றிய கேள்விக்கு நீதிமன்றம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது என்பதை இரு தரப்பும் ஏற்கத் தயங்குகின்றன. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். அதன் முன்பாதி குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது, பின்பாதி மக்களின் உரிமையைப் பற்றி. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா பழமைவாதிகளின் தூண். இந்த உரிமை எல்லையற்றதல்ல என்றும், குற்றவாளிகளிடமும் பள்ளிகளிலும் துப்பாக்கிக்குத் தடை போடுவதை இந்தத் தீர்ப்பு அசைக்காது என்றும் அவரே அதில் எழுதிவைத்தார். 2022இல் நியூயார்க் சட்டத்தை ரத்து செய்தபோது நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எந்தக் கட்டுப்பாடானாலும் நாட்டின் பழைய மரபில் அதற்கு முன்னுதாரணம் இருக்க வேண்டும் என்றது. அதன் விளைவாக நீதிபதிகள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவுக்கு உள்ளானவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024இல் 8க்கு 1 என்ற கணக்கில், கூடாது என்றார்கள். அந்தப் பதிலுக்காகப் பெண்கள் இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி ஆராய்ச்சியின் கதை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர் ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்குப் பணம் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தது. 1871இல் படைவீரர்களின் குறிபார்க்கும் திறமையை வளர்க்க உருவான சங்கம் அது. 1977இல் சின்சினாட்டி கூட்டத்தில் கடும்போக்காளர்கள் தலைமையைக் கைப்பற்றிய பிறகு அது அரசியல் படையாகவே மாறிவிட்டது. 1996இல் அர்கன்சாஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சி காங்கிரஸ் உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேச சி.டி.சி. பணத்தைச் செலவிடக் கூடாது என்றது. ஆராயக் கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான அதே 26 லட்சம் டாலரை அந்த மையத்தின் பட்ஜெட்டிலிருந்து வெட்டினார்கள். மிரட்டல் புரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோனது.

அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவர் சி.டி.சி.யில் காயத் தடுப்புப் பிரிவின் தலைவர் மார்க் ரோசன்பர்க். காலப்போக்கில் அவரும் டிக்கியும் நண்பர்கள் ஆனார்கள். 2012இல் இருவரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார்கள்: துப்பாக்கிச் சாவுகளை அறிவியல் ஆராய வேண்டும், துப்பாக்கி உரிமையையும் காக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று. டிக்கி 2017இல் இறந்தார். ஆராய்ச்சிக்கு 2.5 கோடி டாலர் என்று காங்கிரஸ் மறுபடி பணம் ஒதுக்கியது 2019 டிசம்பரில்தான்.

ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் ஏறத்தாழ 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்கள் 18,000 பேருக்குச் சற்றுக் குறைவு. பள்ளிகளிலும் கடைத்தெருக்களிலும் நடக்கும் கூட்டக் கொலைகள் இந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கு. உவால்டி ஊரின் பள்ளியில் 2022இல் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்ட கொடுமையை யாராலும் மறக்க முடியாது. அந்த வகுப்பறைக்குள் போலீஸ் நுழைய 77 நிமிடம் ஆனதும் மன்னிக்கக் கூடியதல்ல. ஆனாலும் ஏ.ஆர்.15 ரக ரைஃபிளைத் தடை செய்யலாமா என்பதிலேயே விவாதம் முழுவதும் போய்விடுகிறது. தினமும் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் தங்களையே முடித்துக்கொள்வதைத் தொலைக்காட்சி பேசுவதில்லை.

இதைப் பற்றிப் பேசத் துணிந்தவர்களில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரரும் உண்டு. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், 2009இல், ஒரு வாரத்துக்குள் ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். கடைக்காரர் அதிர்ந்துபோனார். துப்பாக்கி உரிமையில் உறுதியான நம்பிக்கை உள்ளவர் அவர். பொது சுகாதார ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசினார். வாங்க வருபவரின் முகத்தில், பேச்சில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது விற்க மறுக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கான குறிப்பு தயாரானது. வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச நாளைக்கு வேறிடத்தில் வைக்கச் சொல்லும் சுவரொட்டிகள் கடைகளில் தொங்கின. உரிமைக்காரர்களின் மொழியிலேயே எழுதியதால் உரிமைக்காரர்களே அதை ஒட்டினார்கள். பிறகு வேறு பல மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றின.

இதிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. தனியாருக்கிடையே கைமாறும் துப்பாக்கிக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. இது நல்ல சட்டம்தான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் தவிக்கும் ஒருவரின் துப்பாக்கியை நண்பர் சில வாரங்களுக்கு வாங்கி வைத்துக்கொண்டால் அதுவும் கைமாற்றம் ஆகுமா என்பது எல்லா மாநிலங்களிலும் தெளிவாக இல்லை. உதவ நினைக்கும் நண்பர், வழக்கில் மாட்டுவோமோ என்று தயங்குகிறார். உயிரைக் காக்கத் தற்காலிகமாக ஒப்படைப்பது குற்றமாகாது என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. இதற்குப் பதிவேடும் வேண்டாம், பறிமுதலும் வேண்டாம். மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்களில் இந்த ஒரு வரியை எதிர்க்க இரண்டு கட்சிகளில் எதற்குமே காரணம் கிடையாது.