கெமராப் பதிவுக்கு எந்தப் பெட்டி?

கடைக்குக் கெமரா பூட்டாத முதலாளியை இன்று காண்பது அரிது. ஆனால் படம் எங்கே பதிவாகிறது என்று கேட்டால், பலர் காசு மேசைக்குக் கீழே உள்ள பெட்டியைத்தான் எனக்குக் காட்டுகிறார்கள். பூட்டை உடைத்து வருபவன் லாச்சிக் காசோடு அதையும் தூக்கிக்கொண்டு போனால், எட்டுக் கெமரா இருந்தும் பொலிஸாரிடம் கொடுக்க ஒன்றும் இராது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொடை என நமது கடைகள் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். கடைக்குள் இருக்கும் பதிவும் கடையோடுதான் எரியும்.

நாஸ் எனப்படும் நெட்வேர்க் சேமிப்புப் பெட்டியை நான் சிபாரிசு செய்வது இதனால்தான். நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை போகும் என்பதால், காற்றோட்டமுள்ள மேல்மாடி அறையில் அதைப் பூட்டி வைக்கலாம். வாசல் கெமராவினதும் காசு மேசைக் கெமராவினதும் பதிவை மட்டுமாவது இணையம் வழியாக வீட்டிலுள்ள இன்னொரு பெட்டிக்குப் பிரதி செய்யலாம். நான்கு கெமராவுள்ள சிறு கடைக்குச் சாதாரண ரெக்கோடரே போதும்; அதை வேறிடத்தில் மறைத்து வைத்தால் சரி. பழைய தடித்த வயர்க் கெமரா வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். நாஸுக்கு ஐ.பி. கெமராதான் நேரடியாகப் பொருந்தும்.

எத்தனை டெராபைட் வேண்டும்? விற்பவர் சொல்வதோடு விடாமல் நீங்களும் கணக்குப் பாருங்கள். ஒரு கெமரா செக்கனுக்கு 1 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 10.8 ஜிகாபைட். 2 மெகாபிக்சல் கெமரா, எச்.264 முறையில் 4 மெகாபிட் என்று வைத்தால் 43 ஜிகாபைட். எட்டுக் கெமராவுக்கு 30 நாளில் 10 டெராபைட்டைத் தாண்டிவிடும். எச்.265 முறையில் ஏறக்குறைய பாதி போதும். ஏன் 30 நாள்? சாமான் குறைந்திருப்பது மாத முடிவில் ஸ்டொக் எடுக்கும்போதுதானே தெரிய வருகிறது! ஏழு நாளில் அழியும் பதிவு அப்போது எதற்கு?

நான்கு 4 டெராபைட் டிஸ்க்கை ரெயிட் 5 முறையில் போட்டால் 12 டெராபைட் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் பதிவு தப்பும். இரவு பகலாக எழுதுவதற்கென்றே வரும் டபிள்யூ.டி. பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போன்ற டிஸ்க்குகளைக் கேளுங்கள்.

பெட்டியின் விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். சினாலஜியின் வழக்கமான மாதிரிகளில் இரண்டு கெமராவுக்குத்தான் உரிமம் சேர்ந்து வரும். மிகுதிக்குத் தனித்தனியே காசு கட்ட வேண்டும். எட்டுக் கெமராக்காரருக்கு இது சின்னச் செலவல்ல.

கைப்பேசியில் பார்க்கும் ஆசையில் பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கப்பம் கேட்கும் மென்பொருள், அப்படித் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைத்தான் பூட்டிப்போட்டது. வீ.பி.என். வழியாகவே பாருங்கள்.

அதே 2022இல் மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. யூ.பி.எஸ். வாங்கினால் நாஸுக்கு மட்டுமன்றி, கெமராக்களுக்கும் சுவிட்சுக்கும் சேர்த்தே வாங்குங்கள். பூட்டியவருக்கு மிகுதிக் காசைக் கொடுக்குமுன், முந்திய இரவு இரண்டு மணிப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி, முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.