அறிவிப்பு வராத காயங்கள்: விபத்து இழப்பீடு கேட்பது எப்படி?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று மாநில அரசு உடனே அறிவித்தது. ஊரே பேசும் துயரம் என்றால் இப்படி அறிவிப்பு வரும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பிக்கப் வண்டி கவிழ்ந்து கால் முறிந்தவருக்கும், சின்னசேலம் பக்கம் இரவில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் மோதியவருக்கும் யாரும் எதையும் அறிவிக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

அரசு தரும் நிவாரணம் அரசு எடுக்கும் முடிவு. இன்னொருவரின் கவனக்குறைவால் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்பது காயம்பட்டவரின் உரிமை. அந்த உரிமையைப் பொறுத்தவரை, கல்வராயன் மலையின் கூலித் தொழிலாளிக்குச் சட்டம் பாதகமாக இல்லை. வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வழக்குப் போடலாம். சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் வருமானம் கணக்கில் வரும். வழக்கு பலவீனமாகும் இடம் வேறு: விபத்து நடந்த முதல் வாரத்தில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் போகும், காகிதங்கள்.

எதை நிரூபிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். எதிராளி கவனமாக நடந்திருக்க வேண்டியவர், அப்படி நடக்கவில்லை, அதனால்தான் எனக்குக் காயம். வாகன விபத்தில் முதல் விஷயத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. சாலையில் வண்டி ஓட்டும் எவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

டிரைவர் மீது போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு வேறு, நீங்கள் கேட்கும் இழப்பீட்டு வழக்கு வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமாக வேண்டும். இங்கே இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். அதனால் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தானாக முடிந்துவிடாது.

உங்கள் மீதும் தப்பு இருந்தால் தொகை குறையும். 25 சதவீதம் உங்கள் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் மீதி 75 சதவீதம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினீர்கள் என்பதாலேயே விபத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஆகிவிடாது. இதை உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது.

முதல் வாரத்தின் காகிதங்கள்

மருத்துவமனையில் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அது அப்படியே ஏறும். வண்டிக்காரர் சொந்தக்காரர் ஆயிற்றே, போலீஸ் தொல்லை வேண்டாமே என்று 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால், பின்னால் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் காட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். எந்த வண்டி, எந்த இடம், எப்படி மோதியது என்று நடந்ததைச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்காக உடன் வந்தவர் சொல்ல வேண்டும்.

மலையில் அடிபட்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து முண்டியம்பாக்கம், சேலம் அல்லது ஜிப்மர் என்று மாறிக்கொண்டே போவார். ஒவ்வொரு இடத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து ரசீது ஆகியவற்றை வாங்கி ஒரே பையில் வையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அதைப் பெற்றவரும் இழப்பீடு கேட்கலாம்.

போலீஸில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்ப வேண்டாம்; எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். கரியாலூர் எல்லையா, கச்சிராயபாளையம் எல்லையா என்ற குழப்பத்துக்காகப் புகாரை மறுக்க முடியாது. எந்த நிலையத்திலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வழி உண்டு. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். வண்டி எண், டிரைவர் பெயர், பார்த்தவர்கள் பெயர் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து 'வைத்தியச் செலவை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதும் இந்த வாரத்தில்தான். எலும்பு முறிவில் முழுச் செலவு உடனே தெரியாது. உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரலாம்; கை பழையபடி மடங்காமலே போகலாம். ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்துக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கள்ளக்குறிச்சி நீதிமன்றத்திலேயே மனு போடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, விபத்து நடந்த ஊர், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிராளி வசிக்கும் ஊர் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறது. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ கூலி வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டவருக்கு இது பெரிய உதவி. எஃப்.ஐ.ஆர். அங்கே இருந்தாலும் வழக்கை இங்கேயே நடத்தலாம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது. இது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. எனவே ஆறு மாதம் தாண்டியவர்களும் கைவிடாமல் வக்கீலைக் கேட்கலாம். தாண்டாதவர்கள் காத்திருக்க வேண்டாம்.

சரக்கு வண்டியில் போனவர்கள்

மலைக் கிராமங்களின் தனிச் சிக்கல் இது. பஸ் குறைவு என்பதால் சந்தைக்கும் வேலைக்கும் திருவிழாவுக்கும் பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் சேம்பறை மலைப்பாதையில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிய அப்படியொரு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள்.

சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ், சரக்கோடு போகும் சரக்கின் உரிமையாளரையும் வண்டியில் வேலை செய்பவரையும் காக்கும். சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பது 2002இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. வண்டியின் உரிமையாளர் பொறுப்பு அப்போதும் நிற்கும். அவரிடம் பணம் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. சில வழக்குகளில், 2017 தீர்ப்பு ஒன்று உட்பட, கம்பெனி முதலில் பணத்தைக் கட்டி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இதை வக்கீல் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே தன் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு போனவரும், லோடு ஏற்றி இறக்கப் போனவரும் அந்த உண்மையைப் புகாரிலேயே சொல்ல வேண்டும். இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். இருப்பதை விட்டுவிடவும் வேண்டாம்.

மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால்

உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் இரவில் மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் அடிபட்டவருக்கும் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். விண்ணப்பம் வருவாய்த் துறை அதிகாரி வழியாகக் கலெக்டருக்குப் போகும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

தொகை எப்படி வருகிறது?

மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலி வேதனை ஆகியவை தனித்தனித் தலைப்புகள். பெரிய தொகை வருவது எதிர்கால வருமான இழப்பில்தான்.

உதாரணமாக, 32 வயதுக் கொத்தனார். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது. 40 வயதுக்குக் கீழே, நிலையான சம்பளம் இல்லாதவருக்கு, எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ப்பார்கள். அது 16,800 ஆகும். ஆண்டுக்கு 2,01,600 ரூபாய். 2009இல் சரளா வர்மா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. வருவது 32,25,600. உழைக்கும் திறன் 40 சதவீதம் போய்விட்டது என்றால், வருமான இழப்புக்கு மட்டும் 12,90,240 ரூபாய்.

இதே ஆளுக்கு 'ஊனம் 40 சதவீதம், சதவீதத்துக்கு 5,000 ரூபாய்' என்று கணக்குப் போட்டால் வெறும் 2 லட்சம். இரண்டு கணக்கும் நம் தீர்ப்பாயங்களில் புழக்கத்தில் இருப்பவைதான். எது பொருந்தும் என்பது அந்தக் காயம் அவருடைய வேலையை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கை போன தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போகலாம்; அதே கை போன குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். எனவே மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழோடு நிறுத்தாமல், சாரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது, மலைப்பாதையில் நடக்க முடியாது என்பதையும் சாட்சியத்தில் சொல்ல வேண்டும்.

வருமானத்துக்குச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டாம். கூலிக்காரரும் காய்கறி வியாபாரியும் ரசீது வைத்திருக்க மாட்டார்கள் என்பதை 2011லும் 2014லும் உச்ச நீதிமன்றமே ஏற்று, நியாயமான வருமானத்தை நிர்ணயித்திருக்கிறது. இல்லத்தரசியின் வீட்டு வேலைக்கும் மதிப்புப் போடப்படும்.

வாகனம் அல்லாத காயங்கள்

அறுந்து தொங்கிய மின்கம்பியால் அடிபட்டால், மின்வாரியத்தின் கவனக்குறைவைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்தான பொருளைக் கையாளுபவரே பொறுப்பு என்பது 2002 தீர்ப்பு. வேலை செய்யும்போது காயம் என்றால் தொழிலாளர் துறையில் இரண்டு ஆண்டுக்குள் கேட்கலாம். அங்கும் முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் இருக்கும்போதே வாகன விபத்து என்றால், இரண்டில் ஒரு வழியைத்தான் பிடிக்க முடியும்.

தனியார் மருத்துவமனையின் தவறான சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கால வரம்பு இரண்டு ஆண்டு. கோரும் தொகையை வைத்து அல்ல, நீங்கள் கட்டிய கட்டணத்தை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும். 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம்தான். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் பொதுவாக நீதிமன்றமே வழி. சாத்தூரில் 2018இல் எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இலவச வக்கீல்

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். சாதிச் சான்றிதழ் போதும். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். 'வர்ற பணத்தில் பாதி எனக்கு' என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவரை ஒதுக்குங்கள். இழப்பீட்டில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

தீர்ப்புக்குப் பிறகு

லோக் அதாலத்தில் சமரசமானால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் மேல்முறையீடு இல்லை. அங்கே தருவதாகச் சொல்லும் தொகையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுச் சம்மதியுங்கள். தீர்ப்பு குறைவாக வந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் சேரும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம்.

எதிராளி பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். 'இழப்பீடு தராத அரசு பஸ் ஜப்தி' என்று அடிக்கடி செய்தி படிக்கிறோமே, அது இந்த மனுவின் பலன்தான். அமீனா பஸ் நிலையத்துக்கே வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை நீதிமன்றத்துக்கு ஓட்டிப் போவார். பெரும்பாலும் அதன் பிறகு போக்குவரத்துக் கழகம் பணத்தைக் கட்டிவிடும். அரசுக் கழகத்திடமே இப்படித்தான் வசூலாகிறது என்றால், தனி ஆளிடம் கேட்பதற்குத் தயங்க என்ன இருக்கிறது? தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும், பணம் கட்டக் கொடுத்த கெடு முடிகிறதா என்று பார்த்து, முடிந்த மறுநாளே வக்கீலிடம் இந்த மனுவைப் போடச் சொல்லுங்கள்.