நெருக்கடி நிலையும் விவரணப் படமும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குப் பரப்பன அக்ரகாரத்துச் சிறைச்சாலை தெரிந்த இடமே. அங்கு மாற்றப்படுமுன் பெங்களூரு மத்தியச் சிறை நகரின் நடுவில், சேஷாத்திரி சாலையில் இருந்தது. 1975 ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டதும், வாஜ்பாய், அத்வானி முதலிய எதிர்க்கட்சித் தலைவர்கள் அப்பழைய சிறையிலேதான் அடைக்கப்பட்டனர். அவ்விடம் இன்று சுதந்திரப் பூங்காவாக விளங்குகிறது. காவற்கோபுரம் இன்னும் நிற்கின்றது; ஆயினும் அது யாரைக் காவல் காத்தது என்பதைத் தானே சொல்லாது. அதைச் சொல்ல வல்ல சாதனங்களுள் ஒன்று, இந்நாளில் ஆவணப்படம் என்று வழங்கும் விவரணப் படம்.

நெருக்கடி நிலை நீடித்த 21 மாதங்களிலும் பல்லாயிரவர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. திரையின் நிலை என்ன? 1948இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷன் என்னும் அரசு அமைப்பின் குறும்படங்களைக் கதைப்படத்துடன் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது அக்காலத்தில் கொட்டகைகளுக்கு விதி. நம்மில் மூத்தவர்கள் அவற்றைப் பார்த்திருப்பர். அரசின் திட்டங்களை அவை விளக்கின. சிறைப்பட்டோரின் குரலுக்கு அவற்றில் இடமில்லை. காமிரா அரசின் கையில் மட்டும் இருக்குமானால், வரலாற்றில் ஒரு பாதியே பதிவாகும்.

மறுபாதியைப் பதிவு செய்தவருள் ஒருவர் ஆனந்த் பட்வர்தன். பீகாரில் 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையேற்ற இயக்கத்தை அவர் எளிய கருவிகளைக் கொண்டு படம் பிடித்தார். 'புரட்சியின் அலைகள்' என்று பொருள்படும் பெயருடைய அப்படம் நெருக்கடி நிலையின்போது மறைவாகவே காட்டப்பட்டது. அதன் பிரதியொன்று துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது.

1977 மார்ச்சில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. இருள் முற்றும் நீங்கியது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 1978இல் பட்வர்தன் வெளியிட்ட 'மனச்சான்றின் கைதிகள்', நெருக்கடி நிலைக்கு முன்னும் பின்னும் நாட்டில் அரசியல் கைதிகள் இருந்ததை எடுத்துக்காட்டிற்று. வாக்குச்சீட்டு ஆட்சியை ஒரே நாளில் மாற்றும். சிறையின் வழக்கங்களும் அதிகாரிகளின் மனப்பாங்கும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. நல்ல விவரணப் படம் வெற்றி விழாவோடு நின்றுவிடாமல், மாறாதவற்றையும் நமக்குக் காட்டுகிறது.

சிநேகலதா ரெட்டியின் வரலாறும் நாம் அறியத்தக்கது. சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவை நிறுவியோருள் ஒருவரான அவர், 'சம்ஸ்காரா' என்னும் கன்னடப் படத்தில் நடித்தவர். 1976 மே மாதம் கைதாகி, மேற்சொன்ன பெங்களூருச் சிறையில் ஆஸ்துமா நோயால் வருந்தினார். 1977 ஜனவரியில் வெளிவந்த சில நாட்களிலேயே காலமானார். சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாயிற்று. வரலாற்றறிஞர் உமா சக்ரவர்த்தி அவரைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுத்துள்ளார்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இத்தகைய பணி நடந்தது. 1973இல் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதற்கு முந்திய நாட்களைப் படமெடுத்த பத்ரீசியோ குஸ்மான், சுருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்பிக் காப்பாற்றினார். 1990இல் ஜனநாயகம் மீண்ட பின்னர், அப்படத்தை இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர்களுடைய அதிர்ச்சியையும் கண்ணீரையும் 1997இல் வெளியான வேறொரு படத்தில் பதிந்தார். தம் வீட்டுப் பெரியோர் பேசாது விட்டதை அவ்விளைஞர்கள் திரையில் கண்டனர்.

எலெக்ட்ரானிக் சிட்டி உருவாகத் தொடங்கியது 1978இல். அதாவது நெருக்கடி நிலை நீங்கிய மறு ஆண்டில். இன்று அங்கே பணிபுரியும் இளைஞர் பலரும் அதற்குப் பின் பிறந்தவரே. அவர்களோடு இத்தகைய படங்களைப் பார்க்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: காமிரா யார் கையில் இருந்தது? யார் பேசுகின்றனர்? யார் பேசவில்லை? பார்த்தபின் ஒரு விடுமுறை நாளில் சுதந்திரப் பூங்காவுக்கும் சென்று வரலாம். காவற்கோபுரத்தின் பொருள் அப்போது அவர்களுக்குத் தெளிவாக விளங்கும்.