ஒட்டுமா... பிரியுமா? பல் கேப்புக்கு ஒரு பரீட்சை!

நெட்டுக்குப்பம் மாதிரி கடலோரக் குப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஃபைபர் போட்டில் விரிசலா? பழைய பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் புது மேட்டும் ரெசினும் போட்டால், அந்த அடுக்கு சீக்கிரமே பிரிந்துவிடும். பல் டாக்டர் போடும் கேப்பிலும் இதே மேட்டர்தான்!

பல் நிறக் கேப்பில் ஒரு வகை, இரண்டு அடுக்கு. உள்ளே சிர்கோனியா. வளைத்து உடைக்க 900 மெகாபாஸ்கலாவது வேண்டும். செம ஸ்ட்ராங்! ஆனால் சுண்ணாம்பு வெள்ளை. அதனால் நிஜப் பல்லின் பளபளப்புக்கு மேலே பீங்கான் பூச்சு. அதன் பலம் சுமார் 100 மெகாபாஸ்கல்தான். கடிக்கும்போது அது பெரிய சில்லாகப் பெயர்ந்தால் கேப்பையே மாற்ற வேண்டியதுதான். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு காலி! ஒரே அடுக்கு சிர்கோனியா கேப் இப்போது பரவலாகிவிட்டது. ஆனாலும் முன்பல் அழகுக்குப் பூச்சு இன்னும் தேவைப்படுகிறது.

அதான் டெஸ்ட். சிர்கோனியா துண்டின்மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டுகிறார்கள். சூடான டீ, ஐஸ்க்ரீம் எஃபெக்ட்டுக்காக 5 டிகிரி, 55 டிகிரி தண்ணீரில் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்குவதும் உண்டு. பிறகு யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் பொருத்தி, இணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு பிளேடால் மெல்ல அழுத்துகிறார்கள். வேகம் நிமிஷத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவுதான். உடைத்த விசையைப் பரப்பளவால் வகுத்தால் விடை ரெடி. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் 25 மெகாபாஸ்கல் தாங்கினால், கிட்டத்தட்ட 50 கிலோ எடையைத் தாங்கியதாக அர்த்தம்.

மார்க் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீங்க! எங்கே உடைந்தது என்பதுதான் முக்கியம். சிர்கோனியா பளிச்சென்று தெரிந்தால், ஒட்டு தோற்றுவிட்டது. அதன்மேல் பீங்கான் மிச்சமிருந்தால், ஒட்டு ஜெயித்தது... பீங்கான்தான் தோற்றது. சூட்டில் இரண்டும் விரியும் அளவு பொருந்தாவிட்டாலும், சூளையிலிருந்து எடுத்து அவசரமாக ஆறவைத்தாலும், உள்ளுக்குள் இறுக்கம் தங்கிவிடும். சில்லு பெயர அதுவே காரணமாகலாம்.

எண்ணூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறினால், அடுத்த ஸ்டேஷன் கோட்டை. எதிரிலேயே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. எம்.டி.எஸ். படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு இந்த டெஸ்ட் பழக்கமான தலைப்பு.

மெக்கானிக்கல் மாணவர்களே, உங்க லேபில் கம்பியை இழுக்கும் 40 டன் மெஷின் இதற்குச் சரிப்படாது. 50 கிலோவைத் துல்லியமாக அளக்கும் சின்ன லோடு செல் வேண்டும். அது இருந்தால், பல் டாக்டர் ஃப்ரெண்டோடு கைகோத்து ஒரு ப்ராஜெக்ட் போடுங்களேன்!