சலவைப்பொறியைச் செப்பனிடுதல்

உடுத்த உடையைத் தூய்மை செய்தல் மனித வாழ்வில் ஓயாத வேலைகளுள் ஒன்று. ஆற்றங்கரைக் கல்லில் துணியை அடித்துத் துவைப்பது எத்துணைக் கடிய உழைப்பு என்பதைத் தம் தோள்வலியால் அறிந்த முதியோர் இன்றும் பல வீடுகளில் உளர். அவ்வுழைப்பைப் பொறியின்மேல் ஏற்றிவிட வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனி நாட்டு ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஷேஃபர் என்னும் அறிஞர், கையால் சுழற்றும் சலவைப்பொறி ஒன்றைப் பற்றி 1760களிலேயே நூல் எழுதி வெளியிட்டார். மின்மோட்டாரால் இயங்கும் பொறி ஒன்றிற்கு அமெரிக்கராகிய ஆல்வா ஃபிஷர் 1910இல் காப்புரிமை பெற்றார். நீரை ஏற்றல், துவைத்தல், அலசுதல், பிழிதல் ஆகிய அனைத்தையும் தானே செய்யும் வீட்டுப்பொறி 1937இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் அதிர்வு மிகப் பெரிது. ஆதலின், அதனைத் தரையோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்க வேண்டியிருந்தது.

இன்று நகரத்து வீடுகளிலும் சிற்றூர் வீடுகள் பலவற்றிலும் இப்பொறி இடம் பெற்றுவிட்டது. ஒருநாள் அது திடீரென நின்றுவிடுமாயின் வீட்டார் திகைக்கின்றனர். துணி உள்ளே நனைந்து கிடக்கிறது, நீர் வடியவில்லை, கதவும் திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் வரும் வரை காத்திருந்து அவர் கேட்கும் கூலியைத் தருதல், அல்லது பழைய பொறியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குதல் என்னும் இரு வழிகளே உள்ளனவென்று அவர்கள் எண்ணுகின்றனர். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பொறி நின்றதற்குக் காரணம் பல வேளைகளில் ஓர் உறுப்பு உடைந்தமை அன்று. ஓரிடம் அடைபட்டமையே ஆகும். அடைப்பை நீக்குவதற்குத் தொழிற்கல்வி வேண்டுவதில்லை. பொறி எவ்வாறு இயங்குகின்றது என்னும் அறிவும், எவ்விடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் அறிவும் இருந்தால் போதும்.

இவ்விரண்டனுள் பின்னதையே முதலில் கூறுதல் தகும். நீரும் மின்சாரமும் ஒருங்கே இருக்கும் இடம் சலவைப்பொறி. அதனைத் தொடுவதற்கு முன் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதும் என்று கருதுதல் பெருந்தவறு. வீட்டிற்குக் கம்பி இழுத்தவர் சுவிட்சை மாற்றுக் கம்பியில் இணைத்திருப்பாராயின், அணைத்த பின்னும் பொறியினுள் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். செருகியின் மூன்று முனைகளுள் ஒன்று மற்றவற்றினும் நீண்டும் பருத்தும் இருப்பதைக் காணலாம். அது நிலத்தோடு இணைக்கும் முனை. மின்சாரம் பாயும் முன்பே பொறியின் உடல் நிலத்தோடு இணைந்துவிட வேண்டும் என்பதற்காகவே அதனை நீளமாக அமைத்தனர். பொறியின் உடலைத் தொட்டபோது கை சுருக்கென்று உறைக்குமாயின், அதனை அக்கணமே நிறுத்திவிட்டு, மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். பின்பலகையைக் கழற்றி மின்னுறுப்புகளைத் தொடுவதும் தொழில் அறிந்தவர்க்கே உரியது. சில பொறிகளில் உள்ள மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கும். மாணவர் எவரும் பெரியோர் உடனிராமல் இப்பணியில் இறங்குதல் கூடாது.

இனிப் பொறியின் அமைப்பைக் காண்போர்க்கு அது வியப்பை அளிக்கும். முன்புறம் கதவுடைய பொறியை எடுத்துக்கொண்டால், அதனுள் இரு கலங்கள் உள்ளன. வெளியே இருப்பது சுழலாத தொட்டி. நீர் நிற்பது அதனுள்ளேதான். அதன் உள்ளே துளைகள் நிறைந்த எஃகு உருளை ஒன்று சுழலுகின்றது. தொட்டி முழுவதும் சுருள்விற்களால் ஊஞ்சல்போலத் தொங்கவிடப்பட்டிருக்கும். அது துள்ளிக் குதியாதவாறு காரைக் கட்டிகளை அதன்மேல் பூட்டியிருப்பர். உருளை மெல்லச் சுழலும்போது துணி மேலேறிக் கீழே விழுகின்றது; கல்லில் அடிக்கும் வேலை இங்கே இவ்வாறு நடைபெறுகின்றது. பிழியும்போது உருளை நிமிடத்திற்கு 1200 முறை சுழலுவதாகவும், அதன் விட்டம் அரை மீட்டர் என்றும் கொள்வோம். அப்போது துணியிலுள்ள நீர்த்துளி ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு விசையோடு உருளைச் சுவரை அழுத்துகின்றது. துளை கண்டவிடத்து வெளியேறாமல் அது என் செய்யும்?

தொட்டியில் நீர் எவ்வளவு ஏறிற்று என்பதைப் பொறி அறியும் முறை இன்னும் எளியது. தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே செல்கின்றது. நீர் ஏற ஏற அக்குழாயில் அடைபட்ட காற்று நெருக்குண்டு, மேல்முனையிலுள்ள மெல்லிய தோல் போன்ற தகட்டை அழுத்துகின்றது. 10 சென்டிமீட்டர் நீர், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே தரும். அச்சிறு அழுத்தமே நீரை நிறுத்துவதற்குரிய குறிப்பாகிறது. அக்குழாயின் வாயைச் சவர்க்காரக் கசடு அடைத்துக்கொண்டால், பொறி நீரின் அளவைத் தவறாக அறிந்து தடுமாறும்.

நீர் வடியாமையே இப்பொறிகளில் அடிக்கடி நேரும் குறை. பொறியின் முன்புறத்தில், தரையை ஒட்டி வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ ஒரு சிறு கதவு இருக்கும். அதனைத் திறந்தால் கைப்பிடி போன்ற மூடியொன்று தோன்றும். அதுவே வடிகட்டி, அதன் பின்னே நீரை வெளியேற்றும் பம்பு உள்ளது. பொறி வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் இக்கதவைத் திறந்து பாராத வீடுகள் எத்தனையோ! சட்டைப் பையிலிருந்து நழுவிய நாணயம், கொண்டை ஊசி, பொத்தான், குழந்தையின் காலுறை, நூற்பந்து ஆகியன எல்லாம் வந்து சேரும் இடம் இதுவே.

வடிகட்டியைத் திறப்பதற்கு முன் நீர் ஆறியிருக்கின்றதா என்று அறிதல் வேண்டும். வெந்நீரில் துவைக்கும் பொறியாயின் கை வெந்துவிடும். தாழ்ந்த தட்டு ஒன்றையும் பழந்துணியையும் கீழே இட்டு, மூடியை இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் திருகினால் நீர் வடியத் தொடங்கும். தட்டு நிறைந்ததும் மூடியை இறுக்கி, நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் திறக்கலாம். நீர் முற்றும் வடிந்த பின் வடிகட்டியை வெளியே இழுத்துக் கழுவ வேண்டும். பின்னர்க் கைவிளக்கின் ஒளியில் உட்புறத்தை நோக்கினால், பம்பின் சிறு இதழ்கள் தெரியும். அவற்றை ஒரு குச்சியால் தள்ளினால், வழுக்கிச் சுழலாமல் தட்டித் தட்டிச் சுழலும். அதனைப் பழுது என்று அஞ்ச வேண்டுவதில்லை. பம்பினுள் நிலைக்காந்தம் இருப்பதால் அவ்வாறு சுழல்வது இயல்பே. இதழ்களைச் சுற்றிய நூலையும் தலைமயிரையும் நீக்கி, மூடியைப் பழையபடி நன்கு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மூடி சிறிது கோணலாகப் பொருந்தினாலும் அடுத்த முறை கூடமெல்லாம் நீராகும்.

நீர் வடியாத வரை கதவு திறவாது. கதவை வலிந்து இழுத்தால் அதன் பூட்டு உடையும். பூட்டினுள் வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடு அமைந்த பொறிகளும் உண்டு. அவற்றில் மின்சாரம் நின்று, தகடு குளிர்ந்து நிமிர்வதற்கு ஓரிரு நிமிடம் செல்லும். பொறுமையற்றவர்களே இப்பூட்டுகளைப் பெரிதும் கெடுக்கின்றனர்.

நீர் ஏறாமை மற்றொரு குறை. குழாய்நீர் பொறியின் பின்புறம் நுழையும் வாயில் விரல்நுனி அளவான வலை ஒன்று இருக்கும். ஆழ்துளைக் கிணற்று மணலும், மேல்தொட்டியின் கசடும் அவ்வலையை அடைத்துவிடும். குழாயை மூடி, இணைப்பைக் கழற்றி, வலையைக் குறட்டால் மெல்ல இழுத்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் அது தூய்மையாகும். வலை தூய்மையாக இருந்தும் நீர் சொட்டுச் சொட்டாகவே ஏறுமாயின், குறை பொறியில் இல்லாமலும் இருக்கலாம். 10 மீட்டர் உயர நீரே ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். பொறிகள் பலவற்றிற்கு அதில் பத்தில் மூன்று பங்கேனும், அதாவது 3 மீட்டர் உயர நீரேனும் வேண்டும். மாடியின் உச்சித் தளத்தில் பொறி இருக்க, தொட்டி அதற்கு நேர்மேலே மொட்டைமாடித் தளத்திலேயே அமர்ந்திருந்தால் அவ்வுயரம் கிடைப்பதரிது. அங்கே பொறியைப் பழித்தல் முறையன்று. தொட்டியை உயர்த்துதலோ, சிறு அழுத்தப் பம்பு ஒன்றை அமைத்தலோ, குறைந்த அழுத்தத்திலும் திறக்கும் வால்வுடைய பொறியைத் தேர்தலோ செய்தல் வேண்டும்.

பிழியும்போது பொறி கூத்தாடுவது கண்டு அஞ்சுவோர் பலர். பொறி வாங்கிய அன்றே கூத்தாடினால், அதன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். வண்டியில் வரும்போது தொட்டி ஆடாதிருத்தற்பொருட்டு ஆலையில் மூன்று அல்லது நான்கு நீண்ட திருகாணிகளை முடுக்கி அனுப்புவர். அவற்றைக் கழற்ற மறந்தால், ஊஞ்சலாக வேண்டிய தொட்டி பெட்டியோடு பிணைந்து நின்று அதனையே உதைக்கும். அவை இல்லையாயின், கொத்தனாரின் ரசமட்டத்தைப் பொறியின் தலையில் வைத்துப் பார்த்து, திருகக்கூடிய கால்களை ஏற்றியும் இறக்கியும் சமன் செய்யலாம். கனத்த போர்வை ஒன்றைத் தனியே இட்டாலும் பொறி ஆடும். எடை ஒருபுறமே சேர்வதுதான் அதற்குக் காரணம்.

உப்பு மிகுந்த நீர் வழங்கும் ஊர்களில், நீரைச் சூடாக்கும் கம்பியின்மேல் சுண்ணப்படலம் படியும். வெறும்பொறியில் 100 கிராம் அளவு சிட்ரிக் அமிலத்தை இட்டு வெந்நீரில் ஒருமுறை ஓட்டினால் அது கரையும். அப்போது வெளுக்கும் பொடியையோ, குளோரின் சேர்ந்த நீர்மத்தையோ ஒருபோதும் உடன் சேர்த்தல் கூடாது. நச்சுவாயுவாகிய குளோரின் வெளிப்படும். கையால் துவைப்பதற்குரிய சவர்க்காரத்தூளை அள்ளியிடும் வழக்கமும் தீயதே. நுரை பெருகினால் பம்பு நீரை விடுத்துக் காற்றையே கடைந்துகொண்டிருக்கும்.

மோட்டார் உறுமியும் உருளை சுழலாவிடில், இரண்டையும் இணைக்கும் பெல்ட் நழுவியோ அறுந்தோ இருக்கலாம். மோட்டாரே பேசாவிடில், அதன் கரித்தூரிகைகள் தேய்ந்திருக்கலாம். பென்சில் கரிபோல் தேய்ந்துகொண்டே வருவது அவற்றின் இயல்பு, விலையும் சிறிது. எனினும் இவை பொறியைத் திறந்து செய்யும் வேலைகள் ஆதலின், பழகியவரிடம் விடுதல் நன்று. புதிய வகைப் பொறிகள் சிலவற்றில் பெல்ட்டும் இல்லை, கரித்தூரிகையும் இல்லை.

உருளை சுழலும்போது தொலைவில் இரயில் வருவதுபோல் ஓசை எழுந்து, நாளடைவில் அது பெருகுமாயின், பேரிங்குகள் கெட்டன என்று அறியலாம். பேரிங்குகளைக் காக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, அதன் வழியே நீர் கசிந்து அவற்றைத் துருவேற்றியிருக்கும். இங்கேதான் வருந்தத்தக்க செய்தி ஒன்று உள்ளது. முன்னாளில் தொட்டியின் இரு பாதிகளையும் திருகாணியால் இணைத்தனர். கழற்றிப் பேரிங்குகளை மட்டும் மாற்றலாம். இன்று பொறிகள் பலவற்றில் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகின்றனர். ஆதலின், சிறு பேரிங்குகளுக்காகத் தொட்டி முழுவதையும் மாற்ற நேர்கின்றது. அதன் விலையைக் கேட்டவர் பொறியையே எறிந்துவிட முடிவு செய்கின்றனர். மோட்டாரும் பம்பும் நல்ல நிலையில் இருக்க, அவையும் சேர்ந்து குப்பைக்குச் செல்கின்றன.

இந்நிலையை எதிர்த்து உலகின் பல பகுதிகளிலும் குரல் எழுந்துள்ளது. 2009இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி, மக்கள் கூடித் தம் பொருள்களைத் தாமே செப்பனிடும் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அம்முறை பல நாடுகளில் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, சலவைப்பொறி ஒன்றின் விற்பனை நின்ற பின்னும், குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதன் மோட்டார், பம்பு, பேரிங்கு முதலிய உறுப்புகள் பழுது பார்ப்பவர்க்குக் கிடைத்தல் வேண்டும். கதவு, அதன் கீல், ரப்பர் வளையம் போன்றவை வீட்டாருக்கும் கிடைத்தல் வேண்டும். இந்திய அரசின் நுகர்வோர் துறையும், பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையத்தளம் ஒன்றை 2022 டிசம்பரில் தொடங்கியது.

புதிய பொறி வாங்கச் செல்வோர் விலையையும் நிறத்தையும் கேட்பதோடு, தொட்டி திருகாணியால் இணைந்ததா, ஒட்டப்பட்டதா என்றும் கேட்கலாம். கடைக்காரர் பலரும் அக்கேள்வியை அதற்குமுன் கேட்டிரார்.