ஒரு மலை, இரு கடல்கள்

ஓட்டு வீட்டின் முகட்டில் விழும் மழைநீர் ஒரே பக்கமாக வடிவதில்லை. முகட்டின் இருபுறமும் பிரிந்து இறங்குகிறது. மலைத்தொடரும் அத்தகைய முகடே. மழைநீரை இருவேறு ஆறுகளுக்குப் பிரித்தனுப்பும் உயர்ந்த நிலப்பகுதியை நீர்ப்பிரிமேடு என்பர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மாட்டுப்பட்டியைச் சூழ்ந்த மலைகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

மேற்கே செல்லும் நீர்

மாட்டுப்பட்டி, மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கு ஓர் அணை உள்ளது. இதில் தேங்கும் குண்டளையாற்று நீர் மூணாற்றை அடைந்து, நல்லதண்ணியாற்றுடனும் முதிரப்புழையாற்றுடனும் கலக்கிறது. மூன்று ஆறுகள் கூடுவதாலேயே அவ்வூர் மூணாறு எனப் பெயர் பெற்றது. 1940-இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இந்நீரால் மின்சாரம் தருகிறது. பின்னர் முதிரப்புழையாறு, 244 கி.மீ. நீளமுள்ள பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது.

கிழக்கே செல்லும் நீர்

கேரளத்து ஆறுகள் 44. அவற்றுள் 41 மேற்கு நோக்கிப் பாய்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. தேவிகுளம் வட்டத்து மலைகளில் தோன்றும் பாம்பாறு, மழை குறைந்த மறையூர்ப் பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. அங்குக் கரும்பு விளைகிறது. அக்கரும்பிலிருந்து காய்ச்சும் வெல்லம் புகழ்பெற்றது. எல்லையைக் கடந்து, சின்னாற்றையும் தேனாற்றையும் சேர்த்துக்கொண்டு, அமராவதி என்னும் பெயர் பெறுகிறது. உடுமலைப்பேட்டை, தாராபுரம், கரூர்ப் பகுதிகளின் வயல்களை வளப்படுத்தித் திருமுக்கூடலூர் அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி வங்கக்கடலை அடைகிறது.

சமவெளியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தேயிலைத் தோட்ட வேலைக்காக இம்மலைகளில் ஏறி வந்தன. இம்மலைகளின் நீரோ சமவெளியை நோக்கி இறங்கிச் செல்கிறது. மக்கள் பிரிந்து வாழ்ந்தாலும் மலையும் சமவெளியும் நீரால் இணைந்தே உள்ளன.

பங்கீடு ஏன் தேவை?

மேலுள்ள மறையூர் உழவருக்கும் கீழுள்ள கரூர் உழவருக்கும் நீர் வேண்டும். மேலே தடுத்தால் கீழே வறளும். முழுவதையும் கீழே விட்டால் மேலே பயிர் வாடும். ஆகவே அளவு வகுக்க வேண்டியுள்ளது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்திற்கு 30 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது. அதில் 3 டி.எம்.சி. பாம்பாற்றுப் படுகைக்குரியது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாடு, கருநாடகம் ஆகியவற்றின் பங்குகளைத் திருத்தியபோதும் கேரளத்தின் பங்கு மாறவில்லை.

நாடுகளுக்கிடையேயும் இதே சிக்கல் உண்டு. கங்கை நீரைப் பகிர்ந்துகொள்ள இந்தியாவும் வங்கதேசமும் 1996-இல் 30 ஆண்டுகளுக்கான உடன்படிக்கை செய்துகொண்டன.

எனினும் பங்கிடுவதற்கு முதலில் ஆற்றில் நீர் இருக்க வேண்டும். இம்மலைகளின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை மண்ணில் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. அவை அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும். கோடையில் ஓடைகள் வற்றும். மேலே வாழ்பவர் காட்டைக் காப்பது, தாம் காணாத ஊர்களின் வயல்களையும் காப்பதாகும்.

சொற்பொருள்

முகடு – கூரை அல்லது மலையின் உச்சி
படுகை – ஓர் ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு
பங்கீடு – பிரித்துக் கொடுத்தல்

பயிற்சி

1. நீர்ப்பிரிமேடு என்றால் என்ன?
2. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் யாவை?
3. மாட்டுப்பட்டி அணையின் நீர் கடலை அடையும் வழியை எழுதுக.
4. சோலைக்காடு அழிந்தால் கரூர் உழவர் ஏன் துன்புறுவர்? ஐந்து வரிகளில் விளக்குக.
5. உங்கள் குடும்பத்தின் பூர்விக ஊரைப் பெற்றோரிடம் கேட்டறிக. அவ்வூர் எந்த ஆற்றுப் படுகையில் உள்ளது? நீங்கள் இன்று வாழும் ஊர் எந்த ஆற்றுப் படுகையில் உள்ளது? நிலப்படத்தில் குறித்துக் காட்டுக.